பெரட்டுல இருந்தேன்

கல்யாணப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பினால் அது அழைப்பு ஆகாது, வெறும் தகவல்தான் என்பது என் மனைவியின் அசைக்க முடியாத கொள்கை. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், குங்குமச்சிமிழோடு வைத்து நேரில் நீட்ட வேண்டும். துறையூரிலிருந்து முசிறிக்கு என்றால் பஸ் ஏறிவிடலாம். அவளுடைய பெரியப்பா வழிச் சொந்தம் இருப்பதோ இலங்கையில், ஹட்டனில். "கடல் தாண்டிப் போய் வச்சாத்தான் மரியாதை" என்று சொல்லிவிட்டு, தனக்கு முட்டிவலி என்று என்னை மட்டும் கிளப்பிவிட்டாள். பெண்ணைப் பெற்றவன் நான். எதிர்த்துப் பேசும் உரிமை எனக்கு அந்த மாதம் முழுக்கவே இல்லை.

இன்னொரு விஷயத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முப்பத்திரண்டு வருஷம் அரசுப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கடைப்பலகையில் ஒற்றுப் பிழை இருந்தால் கடைக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. தமிழ் பேசும் ஊருக்குத்தானே போகிறோம், மொழிப் பிரச்சினை கிடையாது என்ற தெம்போடுதான் கிளம்பினேன்.

அந்தத் தெம்பு கண்டியிலிருந்து ஹட்டன் போகும் ரயிலிலேயே முதல் அடி வாங்கியது. அன்று செவ்வாய்க்கிழமை. முருகனுக்காக நான் கவுச்சி தொடாத நாள். கூடையோடு வந்தவர் "வடே, வடே" என்று கூவினார். ஆகா, நம்ம ஊர் வடை என்று இரண்டு வாங்கிக் கடித்தேன். பல்லில் ஏதோ நறுக்கென்றது. எதிரே உட்கார்ந்திருந்த சிங்கள அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர் தமிழில் சொன்னார், "அது எறாலுங்க. இஸ்ஸோ வடேன்னா எறா வடை. உங்க ஊருல வேற மாதிரியா?" வேற மாதிரிதான் என்று சொல்லி, கடிக்காத வடையை அந்த அம்மாவிடமே கொடுத்துவிட்டேன். முருகன் மன்னித்திருப்பான். சொல் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது வேறாக இருக்கலாம் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

ஹட்டன் ஸ்டேஷனில் இறங்கியதும் மூக்கில் ஏறியது டீசல் புகை. தேயிலை மணம் அப்புறம்தான் வந்தது. குளிர் காதைப் பிடித்து இழுத்தது. என்னை அழைத்துப் போக வந்தவள் கலைவாணி. என் மனைவிக்கு அண்ணன் மகள் முறை, எனக்கு மருமகள். முப்பத்தைந்து வயது இருக்கும். நோர்வூட் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவள். லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் இருக்கும் வரிசை வீடு. அங்கிருந்து படித்து வந்து இப்போது ஹட்டன் பஜாரில் ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் வக்கீல் ஆபீஸ் வைத்திருக்கிறாள். என் பெட்டியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு அவள் ஏறிய வேகத்துக்கு நான் மூச்சு வாங்கிக்கொண்டே பின்னால் போனேன்.

அவளுடைய அம்மா சுடச்சுட ரொட்டியும் கட்டச் சம்பலும் வைத்தார். "மாசிக் கருவாடு போடாமத்தாண்ணே இடிச்சேன், செவ்வாக்கெழமைன்னு" என்றார். ரயிலில் நடந்ததை நான் சொல்லவில்லை. ரொட்டி தேங்காய்ப்பூ போட்டுத் தடிமனாக இருந்தது. சம்பல் மிளகாயும் வெங்காயமும் உப்பும் சேர்த்து இடித்தது. ஒரு வாய்க்கு ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டது. கண்ணில் நீர் வழிய நான் சாப்பிட்டதைப் பார்த்து, பாசத்தில் அழுகிறேன் என்று அந்த அம்மா நினைத்துக்கொண்டார். அப்புறம் பால் இல்லாத பிளேன்டீ. சீனியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ஒரு நக்கு நக்கி ஒரு மடக்கு குடிக்க வேண்டுமாம். எங்கள் ஊரில் டீயில் பால் எவ்வளவு என்பதுதான் பேச்சு. இங்கே டீயில் டீ இருந்தது.

சாப்பிட்டதும் தாம்பாளத்தை எடுத்து நீட்டினேன். கலைவாணி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"இப்ப நீட்டாதீங்க மாமா. வாங்கிட்டா வந்தே ஆகணும். வாரேன்னு இப்ப என்னால சொல்ல முடியாது. வியாழக்கெழம ஒரு விசாரணை இருக்கு. அது தப்பாப் போனா ஒரு பொம்பள உள்ள போயிருவாங்க. அவங்கள விட்டுட்டு நான் கல்யாணத்துக்குப் பட்டுச்சேல கட்ட முடியாது."

பத்திரிகை திரும்பப் பைக்குள் போனது. கதையைச் சொன்னாள். ஐந்து மாதத்துக்கு முன் பெரிய மழை. நோர்வூட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் மண் இறங்கி, லயத்துச் சுவர்கள் கை நுழையும் அளவுக்கு வெடித்துவிட்டன. (தோட்டத்தின் பெயர் வேண்டாம் என்று அவளே கேட்டுக்கொண்டாள்.) மாற்று இடம் கேட்டு ஒரு நாள் காலையில் அந்தப் பிரிவுக்காரர்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். போலீஸ் வந்தது. தள்ளுமுள்ளில் ஜீப் ஒன்று கானுக்குள், அதாவது ரோட்டோர வடிகாலுக்குள், புரண்டது. புரட்டினார்கள் என்றது போலீஸ். டிரைவர் பின்னால் எடுத்தபோது சறுக்கியது என்றார்கள் ஜனங்கள். எப்படியோ, ஜீப் புரண்டதும் போலீஸ்காரர்களுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. புரட்டினவர்கள் மேலே ஓடிவிட்டார்கள் என்று பொல்லுத்தடிகளோடு மேல்பிரிவுக்கு ஏறி, கண்ணில் பட்டவர்களையெல்லாம் அடித்தார்கள். அதில் ராஜலெட்சுமி என்ற கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு இடது மணிக்கட்டு ஒடிந்தது. அதோடு விடவில்லை. ஜீப்பைப் புரட்டியதாக அவர் மேலேயே வழக்கு. இரண்டு வாரம் ரிமாண்டில் இருந்து, இப்போது பிணையில் இருக்கிறார்.

"அடிச்சதுக்கு மனித உரிமை விசாரணை கேட்டோம். பொலிசு என்னா சொல்லுது தெரியுமா மாமா? கொறஞ்சபட்ச பலந்தான் பாவிச்சோம், ஜீப்பப் பெரட்டுனேன்னு அவங்களே வாக்குமூலம் குடுத்திருக்காங்கன்னு சொல்லுது. சிங்களத்துல எழுதி, கையெழுத்தும் வாங்கிருக்காங்க. பொலிசுகிட்ட சொன்னத வச்சு கோர்ட்டுல தண்டிக்க முடியாது. ஆனா அத வச்சே பிணைய ரத்துப் பண்ணப் பாக்குறாங்க. விசாரணையையும் அத வச்சே மூடிருவாங்க."

குறைந்தபட்ச பலம் என்ற சொல் எனக்குப் புதிதல்ல. எங்கள் ஊர்ப் பத்திரிகைகளில் அதற்குப் பெயர் 'லேசான தடியடி'. லேசான தடியடியில் யாருடைய எலும்பும் லேசாக உடைந்து நான் பார்த்ததில்லை.

புதன்கிழமை கலைவாணி ராஜலெட்சுமியைப் பார்க்கக் கிளம்பினாள். வீட்டில் உட்கார்ந்து சம்பல் சாப்பிடப் பயந்து நானும் தொற்றிக்கொண்டேன். த்ரீவீல் என்கிற ஆட்டோவில் பயணம். மெயின் ரோடு வரைக்கும் ராஜபாட்டை. தோட்டத்து ரோட்டில் திரும்பியதும், ரோடு எது, ஓடை எது என்று டிரைவருக்கே சந்தேகம் வந்தது. ஒரு வளைவில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. எனக்குக் கீழே தேயிலையும் அதற்குக் கீழே மேகமும் தெரிந்தன.

"எறங்குங்க சேர், எறங்குங்க! வண்டி பெரண்டுரும்!" என்று டிரைவர் கத்தினார். இங்கே 'சார்' எல்லாம் 'சேர்' ஆகிவிடுகிறது. நான் இறங்கிய வேகத்தில் ஒரு செருப்பு சேற்றோடு போய்விட்டது. நாலு பேர் வந்து தூக்கி வைத்தார்கள். மிச்ச தூரத்தை ஒற்றைச் செருப்போடு ஏறி, மூச்சிரைக்க மேல்பிரிவு லயத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

ராஜலெட்சுமிக்கு நாற்பது வயது சுமார். ஒல்லி உடம்பு, கணீர்க் குரல். என் காலைப் பார்த்ததும் உள்ளே போய்த் தன் வீட்டுக்காரரின் ரப்பர் செருப்பைக் கொண்டுவந்து போட்டார். அப்போதுதான் அந்த இடது கையைப் பார்த்தேன். மாவுக்கட்டு பிரித்தாகிவிட்டது. ஆனால் மணிக்கட்டு ஒரு பக்கமாகத் திரும்பியே நின்றது. கொழுந்து இரண்டு கையாலும் பறிக்கிற வேலை. இப்போது ஒற்றைக் கையால் பறிக்கிறார்.

கலைவாணி குறிப்பு நோட்டை விரித்தாள். "அக்கா, அன்னைக்கு நடந்தத இந்த மாமாவுக்கு ஒருக்காச் சொல்லுங்க. நாளைக்கும் இதே மாதிரித்தான் சொல்லணும்."

அவர் மடமடவென்று சொன்னார். "வெள்ளன எந்திரிச்சு ரொட்டி சுட்டு வச்சுட்டுப் போனேன் சேர். கீழ்ப்பிரிவு ஆளுக ரோட்டுல ஒக்காந்திருக்காங்கன்னு சொன்னாங்க. எங்க பக்கம் வேலைக்குப் போகச் சொல்லிட்டாங்க. அப்பறம் கீழ ஒரே சத்தம். ஜீப்பு பெரண்டுருச்சுன்னு ஓடியாந்து சொன்னாங்க. கொஞ்ச நேரத்துல பொலிசு மேல ஏறி வந்து அடிச்சுச்சு. டேசன்ல கேட்டாங்க, ஜீப்பு பெரண்டப்ப எங்க இருந்தேன்னு. உள்ளதச் சொன்னேன். ஜீப்பு பெரண்டப்ப நான் பெரட்டுல இருந்தேன்னு சொன்னேன்."

எனக்கு மனசு கனத்துவிட்டது. இவ்வளவு நல்ல பெண், இப்படி வெள்ளந்தியாக ஒப்புக்கொள்கிறாரே என்று பட்டது. உபாத்தியாயர் புத்தி சும்மா இருக்குமா? "ஏம்மா, என்ன கோபம் இருந்தாலும் போலீஸ் ஜீப்பைப் போய்ப் புரட்டலாமா? எத்தனை பேர் சேர்ந்து புரட்டினீர்கள்?" என்று கேட்டுவிட்டேன்.

வாசலில் நின்ற பக்கத்து வீட்டுப் பெண்தான் முதலில் வெடித்துச் சிரித்தார். "அய்யோ சேர்! பெரட்டுன்னா பெரட்டு! காலையில போயி பேர் குடுத்து, இன்னைக்கு எந்த மலையில வேலைன்னு பிரிச்சு விடுவாங்களே, அந்த எடம்!"

அசடு வழிந்தேன். வெள்ளைக்காரன் காலத்தில் 'பரேட்' என்று ஆரம்பித்தது, பல வாய் மாறிப் பெரட்டு ஆகியிருக்கிறது. எங்கள் ஊரில் பெரட்டு என்றால் தோசையைத் திருப்புவது. இவர்களுக்கு அது ஒரு இடம், ஒரு நேரம், ஒரு வேலை நாளின் ஆரம்பம். முப்பத்திரண்டு வருஷத் தமிழ் என்னைக் காப்பாற்றவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று திரும்பினால், கலைவாணி என்னை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, நீங்க இப்ப என்னா கேட்டீங்க?"

"தப்புத்தாம்மா. தெரியாமக் கேட்டுட்டேன்."

"இல்ல மாமா, திருப்பிக் கேளுங்க."

கேட்டேன். அவள் பையைக் கவிழ்த்துக் கொட்டி, அந்தச் சிங்கள வாக்குமூலத்தின் நகலை எடுத்தாள். ஒரு வரியில் விரலை வைத்துப் படித்தாள். சிங்களத்தில் புரட்டுவதற்கு 'பெரளனவா' என்பார்களாம். ஜீப் புரண்டபோது நான் புரட்டுவதில் இருந்தேன் என்று அதில் எழுதியிருந்தது.

"அஞ்சு மாசமா இவங்க பொய்யா எழுதிட்டாங்கன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன் மாமா! பொறந்ததுல இருந்து பெரட்டுன்னா எனக்குப் பெரட்டுதான். அதுக்கு இன்னொரு அர்த்தம் இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல. எழுதுன கான்ஸ்டபிள் வகுப்புல தமிழ் படிச்சவரு. அவரு காதுல விழுந்தது உங்க காதுல விழுந்த மாதிரியேதான் விழுந்திருக்கு. அக்கா, நான் அங்க இல்லன்னு நீங்க சொன்னத, நாந்தான் செஞ்சேன்னு எழுதி வச்சிருக்காங்க!"

ராஜலெட்சுமி அந்தத் தாளை எட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "அப்ப நான் சொன்னதுலயேதான் மாட்டுனேனா?" என்று கேட்டார். கண் கலங்கியது. எனக்கும்தான். ஆனால் கலைவாணி அதற்குள் த்ரீவீலுக்குப் போன் போட்டுவிட்டாள். என் அறியாமை ஒருவருக்குப் பயன்பட்டது என் ஆயுளில் அதுவே முதல் தடவை.

வியாழக்கிழமை காலை. அரசாங்கக் கட்டடம் ஒன்றின் மாடியில் விசாரணை. பிளாஸ்டிக் நாற்காலிகள், நீள மேசை, சுவரில் மூன்று மொழியிலும் அமைதி காக்கச் சொல்லும் அட்டை. தமிழில் பிழை இல்லை, பார்த்துவிட்டேன். விசாரணை அதிகாரி நரைத்த தலையுடன் ஒரு சிங்கள அம்மா. கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். சுடுதண்ணீர்க் குடுவை ஒன்றை எட்டும் தூரத்தில் வைத்திருந்தார். மொழிபெயர்ப்பாளர் யாழ்ப்பாணத்துக்காரர், பழுத்த உத்தியோகஸ்தர். ஒரு பக்கம் போலீஸ் நிலையப் பொறுப்பதிகாரியும் அந்தக் கான்ஸ்டபிளும். அவர்கள் கூப்பிட்ட சாட்சியாகத் தோட்டத்து மேலாளர். துரை என்று எல்லோரும் சொல்லும் இளைஞர், சிங்களவர், கையில் தடித்த புத்தகம். கீழே தெருவில் மேல்பிரிவுப் பெண்கள் முப்பது நாற்பது பேர் பஸ் பிடித்து வந்து நின்றார்கள். சிங்களத்தில் நடந்ததை கலைவாணியின் ஜூனியர் பெண் ஒருத்தி என் காதில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

பொறுப்பதிகாரி வாக்குமூலத்தை வாசித்தார். ஜீப் புரட்டப்பட்டது காலை ஏழு மணிக்கு, அந்தப் பெண்ணே ஒப்புக்கொண்டிருக்கிறார், கைது செய்யும்போது திமிறியதால் குறைந்தபட்ச பலம் பாவிக்க நேர்ந்தது என்று முடித்தார்.

கலைவாணி எழுந்தாள். "எனது கட்சிக்காரர் அன்று சொன்ன அதே சொற்களை இப்போது சொல்லட்டும். உங்கள் மொழிபெயர்ப்பாளரே மாற்றட்டும்."

ராஜலெட்சுமி நிமிர்ந்து நின்று சொன்னார். "ஜீப்பு பெரண்டப்ப நான் பெரட்டுல இருந்தேன்."

மொழிபெயர்ப்பாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "பெரட்டு எண்டால்... புரட்டுறதுதானே, பிள்ளை?" என்று ராஜலெட்சுமியிடம் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அப்படியே சிங்களத்தில் சொன்னார். பொறுப்பதிகாரி புன்னகைத்தார்.

கலைவாணியும் புன்னகைத்தாள். "நன்றி. எழுதியவர் சிங்களவர், மொழிபெயர்த்தவர் யாழ்ப்பாணத்தவர். மூன்றாவது ஆளையும் காட்டுகிறேன்." என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை. எழுந்து நின்றேன், ராஜலெட்சுமி வீட்டுக்காரரின் ரப்பர் செருப்போடு.

"இவர் என் மாமா. தமிழ்நாட்டில் முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழாசிரியர். நேற்று இவரும் இதே பிழையைத்தான் செய்தார்."

விசாரணை அதிகாரி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். உண்மையா என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

"உண்மைதாங்க அம்மா. இந்தச் சொல் எனக்கும் தெரியாது" என்றேன். இப்படிச் சொல்லி நான் பெருமைப்பட்டது கிடையாது. அன்று பெருமையாகத்தான் இருந்தது. அந்த அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு குடுவையைத் திறந்தார்.

அடுத்து கலைவாணி துரையிடம் திரும்பினாள். அவர் போலீஸ் தரப்புச் சாட்சி. மறந்துவிடாதீர்கள்.

"உங்கள் தோட்டத்தில் காலையில் வேலை பிரிப்பது எங்கே?"

"மஸ்டர் ஷெட்டில்."

"தொழிலாளர்களிடம் பேசும்போது அதற்கு என்ன சொல்வீர்கள்?"

துரை கொஞ்சம் யோசித்தார். அவருக்கும் அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். பொறுப்பதிகாரியின் முகத்தைப் பார்த்தார், பிறகு பார்க்காமல் விட்டார்.

"பெரட்டு."

"மறுபடி சொல்லுங்கள்" என்றார் விசாரணை அதிகாரி, பேனாவை எடுத்தபடி.

"பெரட்டு, மேடம். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். நானும்தான்."

துரையின் கையில் இருந்த புத்தகம் பேர் பதிகிற புத்தகம். அந்தத் தேதியைத் திறக்கச் சொன்னார்கள். மேல்பிரிவுப் பெரட்டில் காலை ஏழு மணிக்குப் பேர் கொடுத்தவர்களில் ராஜலெட்சுமியின் பெயருக்கு நேரே அடையாளம் இருந்தது. பெரட்டுக்கும் ஜீப் கிடந்த கானுக்கும் இடையே அரை மணி நேர ஏற்றம். ஒற்றைச் செருப்போடு ஏறியவன் நான், எனக்குத் தெரியும்.

கான்ஸ்டபிள் தானாகவே எழுந்து நின்றார். சின்ன வயது, முகம் வெளுத்துவிட்டது. "வகுப்பில் எங்களுக்கு இதைச் சொல்லித்தரவில்லை, மேடம். அவர் ஒப்புக்கொள்கிறார் என்றுதான் நினைத்தேன்" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அவரும் ஒரே பெஞ்சுக்காரர்கள்.

பொறுப்பதிகாரி கெட்டிக்காரர். உடனே எழுந்து, "அப்படியானால் இது மொழியால் வந்த தவறு. வழக்கை நாங்கள் விட்டுவிடுகிறோம். இரண்டு பக்கமும் இத்தோடு முடித்துக்கொள்ளலாம்" என்றார். நல்ல முடிவு போலத்தான் எனக்கும் பட்டது. அறையில் பல தலைகள் ஆடின.

ராஜலெட்சுமியின் தலை ஆடவில்லை. பேசலாமா என்று கேட்டுக்கொண்டு, அந்தத் திரும்பிய கையை மேசைமேல் வைத்தார்.

"எழுதுனது தெரியாம எழுதுனதா இருக்கட்டுங்க. அந்தத் தம்பி மேல எனக்கு வருத்தமில்ல. ஆனா எழுதுறதுக்கு முன்னாடியே அடிச்சுட்டாங்க. அடிச்சப்ப என்கிட்ட யாரும் ஒரு வார்த்தையும் கேக்கல. தப்பாக் கேக்குறதுக்கும் நான் ஒண்ணும் சொல்லல. கைய ஒடச்சது எந்த மொழியிலங்க?"

மொழிபெயர்ப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு சொல் விடாமல் மாற்றினார். கடைசிக் கேள்வியை மட்டும் இரண்டு தடவை சொன்னார். அதிகாரி கேட்கவில்லை, அவராகவே சொன்னார். அந்த யாழ்ப்பாணத்துக்காரரை அந்த நிமிஷம் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அதிகாரி நீண்ட நேரம் எழுதினார். பிறகு வாசித்தார். அந்த வாக்குமூலத்தை எதற்கும் ஆதாரமாக எடுக்க முடியாது. அந்தப் பெண் தன் வேலையிடத்தில், வேலைக்குப் பேர் கொடுத்துவிட்டு நின்றிருக்கிறார். ஆகவே குறைந்தபட்ச பலம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அன்று மேல்பிரிவுக்கு ஏறிய ஒவ்வொருவரின் பெயரும் தனக்கு வந்து சேர வேண்டும். அடித்தது பற்றிய விசாரணை தொடரும். நீதிமன்றத்துக்கு இன்றே கடிதம் போகும். நாளை பிற்பகல் ராஜலெட்சுமியின் வாக்குமூலம் புதிதாக, தமிழில், அவர் சொல்கிறபடியே எழுதப்படும். தன் மொழியில் சொல்வதும், எழுதியதைப் படித்துப் பார்த்தே கையெழுத்துப் போடுவதும் அவருடைய உரிமை என்று கடைசியில் சேர்த்தார். பொறுப்பதிகாரி தொப்பியை எடுத்துக்கொண்டு, வந்ததைவிட வேகமாகப் படி இறங்கினார்.

கீழே சேதி போனதும் தெருவே அதிர்ந்தது. பக்கத்து வீட்டுப் பெண் கங்காணி மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "பெரட்டூ!" என்று ஒரு குரல் கொடுத்தார். அத்தனை பெண்களும் அந்தக் கட்டடத்தின் படிக்கட்டில் வரிசை கட்டி நின்றார்கள். பேர் கூப்பிட்டார். ஒவ்வொருத்தராக "இருக்கேன்!" என்றார்கள். ராஜலெட்சுமி பேர் வந்தபோது எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். காவலுக்கு நின்ற போலீஸ்காரர்கூடச் சிரித்துவிட்டார். பக்கத்து பேக்கரியில் இருந்த மாலு பனிஸ் அத்தனையும் தீர்ந்தது. வியாழக்கிழமைதானே, மீன் வைத்த அந்தப் பன்னில் நானும் மூன்று சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை நீதவான் நீதிமன்றத்தில் பத்து நிமிஷம். ராஜலெட்சுமிக்கு எதிரான வழக்கைத் தொடர விரும்பவில்லை என்று போலீஸ் தரப்பு சொன்னது. நீதவான் கடிதத்தைப் படித்துப் பார்த்து, ராஜலெட்சுமியை விடுதலை செய்தார். கூண்டிலிருந்து இறங்கியபோது அவர் கும்பிடவும் இல்லை, அழவும் இல்லை. "இன்னும் ஒரு வேல இருக்கு" என்று கலைவாணியிடம் சொன்னார்.

பிற்பகல் அதே மாடி. எழுத உட்கார்ந்தவர் ஒரு தமிழ்ப் பெண், நீர்கொழும்புப் பக்கம். ராஜலெட்சுமி சொல்லச் சொல்ல எழுதினார். ஓரிடத்தில் பேனா நின்றது. "அக்கா, இந்த பெரட்டு... வேலை பிரிக்கும் இடம் என்று எழுதட்டுமா? படிக்கிறவர்களுக்கு விளங்கும்."

"வேணாங்க. பெரட்டுன்னே எழுதுங்க. விளங்காட்டி எங்ககிட்ட வந்து கேக்கட்டும்."

பெரட்டு என்றே எழுதினார். ராஜலெட்சுமி தாளைத் தன் பக்கம் திருப்பி, ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டிப் படித்தார். நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். இரண்டு பக்கத்துக்கு இருபது நிமிஷம் ஆனது. யாரும் அவசரப்படுத்தவில்லை. முழுக்கப் படித்து முடித்த பிறகுதான் பேனாவை வாங்கினார்.

படிக்கட்டில் இறங்கும்போது கலைவாணி என் முன்னால் வந்து இரண்டு கையையும் நீட்டினாள். "இப்பக் குடுங்க மாமா." தாம்பாளம் வீட்டில் இருந்தது. பழம் அழுகிவிட்டது, வெற்றிலை வாடிவிட்டது. வெறும் பத்திரிகையைத்தான் கொடுத்தேன். என் மனைவியிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

பையில் பெயர் எழுதாத பத்திரிகை ஒன்று மிச்சம் இருந்தது. மேல்பிரிவுக்காரருக்குத் துறையூர் வர முடியுமோ முடியாதோ, கொடுக்காமல் போக எனக்கு மனசு வரவில்லை. உறையில் 'திருமதி ராஜலெட்சுமி குடும்பத்தார்' என்று எழுதி நீட்டினேன். வாங்கிக்கொண்டவர் உடனே பைக்குள் வைக்கவில்லை. வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்து, விரலை வைத்து, ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். ஆயிரம் ஆயிரம் பிள்ளைகளின் தாளைத் திருத்தியவன் நான். அன்று கையைக் கட்டிக்கொண்டு காத்து நின்றேன்.

"சரியாத்தான் எழுதிருக்கீங்க சேர்" என்றார் ராஜலெட்சுமி.